சவுக்குத் தோப்பில் கொட்டிய மாத்திரைகள்

மறைமலைநகரில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் தொழிற்சாலை ஒன்றில் வேலை எனக்கு. வயர் முனைகளில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகளை மாட்டி, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். 'டிக்' என்று சத்தம் வந்தால் சரியாக மாட்டியது என்று அர்த்தம். ஒருநாள் காலை ஷிப்டில் எனக்கு அந்தச் சத்தம் வரவில்லை. விரல்கள் தடித்துக் கிடந்தன. மடக்கினால் முட்டிகளுக்குள் கண்ணாடித் தூள் அரைபடுவது போல வலித்தது. பக்கத்தில் இருந்தவள் யாருக்கும் தெரியாமல் என்னுடைய கிளிப்புகளையும் சேர்த்து அழுத்தித் தந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வாய்க்குள் புண். குழம்புச் சோறு உள்ளே போனால் கண்ணில் தண்ணீர் வரும். சீப்பு நிறைய முடி. கம்பெனி பஸ்ஸுக்காக வெயிலில் கால் மணி நேரம் நின்றால் போதும், இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்து தடித்துவிடும். சொறி என்று நினைத்துக் களிம்பு போட்டேன். சத்துக்குறைவு என்று சொன்ன டாக்டரிடம் டானிக் வாங்கிக் குடித்தேன். கன்னத்துச் சிவப்பு கறுத்துத் தோல் உரிய ஆரம்பித்தது.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வர ஆரம்பித்தது அப்போதுதான். கேன்டீனில் ஒருத்தி என் டம்ளரைத் தனியாக ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். "தப்பா நெனக்காத, வூட்ல கொயந்த கீது" என்றாள். ஊர்க்காரர்கள் வயலில் என் அம்மா நாற்று நட்ட காலத்தில் அவளுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தார்களாம். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். நான் மாதச் சம்பளக்காரி, அதெல்லாம் என்னோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். கவிழ்த்து வைத்த அந்த டம்ளரைப் பார்த்தபோது கவிழ்த்தவள்மேல் வரவில்லை அருவருப்பு. என் தோல்மேல் வந்தது. அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒருநாள் கழிவறையில் சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்து நின்றது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே இருந்தது. என் கணவர் நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. லீவு போட்டுவிட்டு என்னைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூட்டு வியாதிகளுக்கென்று தனிப் பிரிவு இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அங்கே இருந்த பெண் டாக்டர் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கையுறை போடாமல் தொட்டார். அந்த விரல்கள் குளிர்ச்சியாக இருந்தன. பல மாதங்களுக்குப் பிறகு என் முகத்தை ஒருவர் தொட்டார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரத்தச் சோதனை முடிவுகள் வந்ததும் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "கிருமி வந்தா அடிக்கறதுக்குன்னு உடம்புல ஒரு படை இருக்கும்மா. உங்களுக்கு அந்தப் படை குழம்பிப் போச்சு. உங்க மூட்டு, தோல், கிட்னி எல்லாத்தையும் கிருமின்னு நெனச்சு அடிக்குது. இதுக்குப் பேரு லூபஸ். யாருக்கும் தொத்தாது. நீங்க செஞ்ச தப்பும் இல்ல."

"செத்துடுவேனா மேடம்?"

"ஒரு காலத்துல நெறைய பேர் போயிருக்காங்க. இப்ப அப்படி இல்ல. ஆனா மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாது. நல்லா இருக்கற மாதிரி தோணும்போதுதான் நிறுத்தத் தோணும். அப்பவும் நிறுத்தாதீங்க."

மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று, படையை அடக்கும் மாத்திரை ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று. வெயிலில் போகக் கூடாது, வருஷா வருஷம் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வலி குறைந்தது. ஆனால் முகம் ஊதியது. கன்னம் இரண்டும் உப்பி, கண் சின்னதாகி, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. மோவாயில் பூனைமயிர் முளைத்தது. தீராத பசி. ஒரு மத்தியானம் தனியாக உட்கார்ந்து மூன்று பேர் சோற்றைத் தின்றுவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். யாரோ ஒரு பொம்பளை என் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வந்தாள். கணவரின் அக்கா. பொத்தேரியில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் சின்னக் கடை வைத்திருக்கிறாள். வாய் நீளம், மனசு கெட்டது இல்லை.

"இன்னாடி மூஞ்சி இப்படி ஊதிகினு கீது? அந்த மாத்திரதான் உன்ன இப்படிப் பண்ணுது. கடலோரமா ஒரு வைத்தியர் கீறாரு. எந்த டாக்டரும் கைவிட்டத அவரு சரி பண்றாராம். ஒரு தபா வந்து பாரு" என்றாள்.

மாமல்லபுரம் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு பங்களா. சித்த வைத்தியம் முறையாகப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த ஆள் அதையும் படித்தவர் இல்லை. அது பிறகுதான் தெரிந்தது. வெள்ளை வேட்டி, சந்தன வாசனை, யாரைப் பார்த்தாலும் "மகளே", "மகனே". என் மாத்திரை அட்டைகளைக் கையில் வாங்கி விரல் நுனியால் பிடித்தார், செத்த எலியை வாலில் பிடிப்பது போல.

"இது விஷம் மகளே. உன் உடம்ப உன்னையே தின்ன வெக்கறது இதுதான்."

வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில் எனக்கு முன்னால் வந்தவர்களின் மாத்திரைகள் பாதிக்கு மேல் கிடந்தன. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, எல்லாம். என் கையாலேயே கொட்டச் சொன்னார். கொட்டினேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அன்று ராத்திரி அங்கேயே தங்கினோம். மறுநாள் விடிந்ததும் வாந்தி வைத்தியம். தோப்புக்குப் பின்னால் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். பதினைந்து, இருபது பேர் அதன் கரையில் வரிசையாகக் குந்த வேண்டும். ஒரு சொம்பு நிறையக் கசப்பும் உப்புமாக ஏதோ குடிக்கத் தந்தார்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஆரம்பித்தார். அந்தச் சத்தம் கேட்டு அடுத்தவர், அதற்கடுத்தவர். மஞ்சளும் பச்சையுமாக மணலில் ஓடியது. ஈ மொய்த்தது. கடற்காற்று அந்த வாடையை அப்படியே எங்கள் முகத்தில் திருப்பி அடித்தது. வைத்தியர் கரையோரமாக நடந்து வந்து, ஒவ்வொருவர் வாந்தியையும் குனிந்து பார்த்தார். என்னுடையதைக் குச்சியால் கிளறினார்.

"பாத்தியா? இங்கிலீஷ் மருந்து எப்படி நூல் நூலா வெளிய வருது."

முந்தின ராத்திரி தின்ற இடியாப்பம் அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் "ஆமாங்கய்யா" என்றேன்.

அதன் பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு பொடி தந்தார்கள். தேனில் குழைத்து இரண்டு வேளை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாலாம் நாள் என் விரல்கள் பூ மாதிரி மடங்கின. எழுந்து கடற்கரையில் நடந்தேன். சுண்டல் வாங்கித் தின்றேன். நாத்தனார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அன்று மாலை ஒரு பையன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னான். நான் பேசினேன். யாரும் எழுதித் தரவில்லை, எல்லாம் நானாகவே பேசியது. "எனக்கு லூபஸ். டாக்டருங்க ஆயுசுக்கும் மாத்திர சாப்புடணும்னு சொன்னாங்க. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். நாலே நாள்ல நடக்கறேன். என்னை மாதிரி கஷ்டப்படறவங்க இங்க வாங்க."

மூன்று மாதம் அந்தப் பொடியைத் தின்றேன். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. முகம் முன்னைவிட ஊதியது. விஷம் இறங்குது என்றார்கள். வயிற்றில் ஊதா நிறத்தில் கோடு கோடாக வெடித்தது. அதுவும் விஷம் இறங்குவதுதான் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட எழுந்து நின்றவள் மூச்சு வாங்கி அப்படியே பெஞ்சில் சரிந்தேன். கால் தொடை வரைக்கும் நீர் கோத்து வீங்கியிருந்தது.

செங்கல்பட்டில் அதே டாக்டர்தான். என் ஆஸ்பத்திரி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றார்.

"சாப்பிடறேன் மேடம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுக் கோடுகளைப் பார்த்தார். "என்னோட மாத்திரை சாப்பிட்டிருந்தா கிட்னி இவ்ளோ மோசமாயிருக்காது. ஸ்டீராய்டே சாப்பிடலன்னா முகம் இப்படி இருக்காது. வேற என்ன சாப்பிடறீங்க?"

கூட வந்திருந்த என் நாத்தனார்தான் கைப்பைக்குள் கையை விட்டுப் பொடிப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதுவரை அவள் வாயைத் திறக்காமல் நின்றதை நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் அதை, தனக்குத் தெரிந்த ஒரு மருந்தியல் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பினார். நான் படுக்கையில் இருக்கும்போதே முடிவு வந்தது. என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொடியில ஸ்டீராய்டு இருக்கும்மா. நல்லாவே கலந்திருக்காங்க."

விஷம் என்று சொல்லி வாளியில் கொட்ட வைத்த அதே சரக்கை அரைத்துத் தேனில் குழைத்து ஊட்டியிருக்கிறார்கள். அளவு தெரியாமல், நாள் தெரியாமல். அதனால்தான் நாலாம் நாள் விரல் மடங்கியது. கிட்னியைக் காத்துக்கொண்டிருந்த மற்ற இரண்டு மாத்திரைகளும் போய்விட்டதால் உள்ளே தீ பரவிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் டிரேயைப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. வெறும் ஓங்கரிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

கிட்னியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். முதுகில் கிளிப் மாட்டுவது போல ஒரு 'டக்'. அவ்வளவுதான். வியாதி உள்ளே நன்றாக இறங்கியிருந்தது, ஆனால் தழும்பு அதிகம் விழவில்லை, இன்னும் மீட்கலாம் என்றார் டாக்டர்.

"முன்னெல்லாம் இந்த நெலமைக்கு ஸ்டீராய்டத்தான் மாசக்கணக்குல அள்ளிக் கொடுத்தோம். வியாதி அடங்கும், உடம்பு கெடும். இப்ப அப்படி இல்ல. முதல் சில நாள் நரம்பு வழியா கொடுத்துட்டு, எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் கொறைப்போம். கூடவே ஒரு புது ஊசி. படை மொத்தத்தையும் அடிக்காம, உங்களுக்கு எதிரா ஆயுதம் செய்யற செல்லு எதுவோ அதுக்குப் போற தீனிய மட்டும் நிறுத்தும்."

அந்த ஊசிக்காக அவர் மேலிடத்துக்கு எழுதினார், திரும்பத் திரும்பக் கேட்டார், கிடைத்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை டிரிப்பில் ஏறும். ஒருமுறை ஏறிக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டுச் செய்தி ஒன்றைச் சொன்னார். நோயாளியின் ரத்தத்திலிருந்தே செல்களை எடுத்து, பழக்கி, திரும்ப உள்ளே அனுப்புகிறார்களாம். சிலர் மாத்திரையே இல்லாமல் இருக்கிறார்களாம். "அது இன்னும் ஆராய்ச்சிதான். எல்லாருக்கும் வர நாளாகும். ஆனா பத்து வருஷம் முன்னாடி இந்த மாதிரி ஒரு பேச்சே எங்களுக்குள்ள கிடையாது" என்றார். 'நாலே நாளில்' என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மெதுவாகத்தான் சரியானது. கால் வற்றியது. நுரை குறைந்தது. ஸ்டீராய்டு ஒரு குட்டி மாத்திரை அளவுக்கு இறங்கியதும் என் பழைய முகம் எலும்போடு வெளியே வந்தது. கம்பெனியில் ஜன்னல் இல்லாத சோதனைப் பிரிவுக்கு மாற்றித் தந்தார்கள்.

வேலைக்குப் போன இரண்டாம் வாரம், பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் திரும்பிப் போனை நீட்டினாள். "அக்கா, இது நீங்கதானே? எங்க பெரிம்மா குரூப்ல வந்துச்சி."

கடலுக்கு முதுகு காட்டி, ஊதிய முகத்தோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "என்னை மாதிரி கஷ்டப்படறவங்க இங்க வாங்க." கீழே கொட்டை எழுத்தில், லூபஸை வேரோடு அறுத்தோம் என்று போட்டிருந்தது. எத்தனையோ பேர் வணக்கம் வைத்து விலாசம் கேட்டிருந்தார்கள். வைத்தியரின் எச்சிலை யாரோ என் வாயில் வைத்துப் பேச வைத்தது போலிருந்தது. ஆனால் அது என் சொந்த வாய்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

தோப்புக்கே போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றேன். கணவர், "வுடு. அந்த ஆளுகிட்ட இன்னாத்துக்கு வம்பு? ஒனக்குச் சரியாயிடுச்சில்ல?" என்றார்.

நாத்தனார் கடையை மூடிவிட்டு வந்தாள். "நான் கூட்டினு போன எடம். நானும் வரேன்" என்றாள்.

முழுக்கைச் சட்டை, குடை, முகத்துக்குத் துணி என்று வெயிலுக்கு மூடிக்கொண்டு போனேன். சவுக்குத் தோப்பில் வரிசை முன்னைவிட நீண்டிருந்தது. அதே வாளி, ஆனால் புதுசு, பெரிசு. வரிசையில் ஒரு அம்மாவும், பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணும் நின்றார்கள். அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் அதே சிவப்பு. அவள் கையில் மாத்திரைக் கவர் இருந்தது. நான் துணியை விலக்கினேன். அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்துபோனாள்.

"ஏம்மா, அந்த வீடியோல வர்றது நீதானே? உன்னப் பாத்துதாம்மா நாங்க வந்தோம்."

"கொட்டாதீங்க" என்றேன்.

அதற்குள் வைத்தியர் வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்த்து ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இரண்டு கையையும் விரித்தார். "வா மகளே! எல்லாரும் பாருங்க, எப்படி வந்தவ, இப்ப எப்படி நிக்கறான்னு!" கூட்டம் கை தட்டியது. என் தோளில் கை வைத்தார். ஈரமான கை.

நாத்தனார் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "இன்னாய்யா பேசினு கீற? உன் பொடியத் தின்னு கிட்னி பூட்ச்சி இவளுக்கு. ஆஸ்பத்திரில ஊசி போட்டுப் பொயச்சிகினா. பொடில ஸ்டீராய்டு கலந்து கீற, டெஸ்டு பண்ணி வெச்சிகீறோம். இல்லன்னு சொல்லு பாப்போம்!"

அவர் கோபப்படவில்லை. வருத்தமாகத் தலையசைத்தார். "பத்தியம் மீறினா இப்படித்தான். பாவம், யாரோ பேசச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

நான் பேசினேன். சோதனைத் தாளைக் காட்டினேன். நுரைத்த சிறுநீரைப் பற்றி, முதுகில் விட்ட ஊசியைப் பற்றி, மாதாமாதம் ஏறும் மருந்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. பஸ்ஸில் பார்த்தது, கேன்டீனில் பார்த்தது. ஒரு பெரியவர், "இடத்த விடும்மா, வெயில் ஏறுது" என்றார். ஒருவரும் நகரவில்லை. எங்களுக்குப் பின்னால் வாளியில் மாத்திரை விழும் சத்தம் கேட்டது.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்காக நிழலில் நின்றோம். நாத்தனார் துப்பிக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம் கழித்து அந்த அம்மாவும் பெண்ணும் தோப்பிலிருந்து வெளியே வந்தார்கள். பெண் மாத்திரைக் கவரை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவளாகத்தான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நடையிலேயே தெரிந்தது. "அந்த டாக்டர் எந்த கெழமை பாப்பாங்க?" என்றாள் என்னிடம்.

இப்போது அவளுக்கும் அதே டாக்டர்தான். கிட்னியைத் தொடுவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். எனக்குத் தந்த அளவுக்கு ஸ்டீராய்டு அவளுக்குத் தேவைப்படவில்லை. காலேஜில் சேர்ந்திருக்கிறாள், முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு போகிறாள். அவளைப் பார்க்கும்போது மட்டும் என் வாயிலிருக்கும் கசப்பு கொஞ்சம் குறைகிறது.

புகார் எழுதிக் கொடுத்தோம், சோதனைத் தாளின் நகலோடு. சில மாதம் கழித்துப் பங்களா வாசலில் பூட்டுத் தொங்கியது. நாத்தனார் கடையில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள். பிறகு அதே ஆள் கடலோரமாகவே இன்னும் தெற்கே தள்ளி வேறொரு பெயர்ப் பலகை மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். வீடியோவை ஒரு இடத்தில் நீக்கினால் இன்னொரு இடத்தில் முளைக்கிறது. நடந்ததைச் சொல்லி நானும் ஒரு வீடியோ போட்டேன். சும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லும் பொம்பளையை யார் பார்ப்பார்கள்? சொந்தக்காரர்கள் பார்த்தார்கள்.

போன வாரம் என் நம்பரை எப்படியோ தேடிப் பிடித்து ஒருவர் கூப்பிட்டார். அவர் மனைவிக்கு லூபஸாம். வைத்தியரின் புது விலாசம் வேண்டுமாம். நான் ஆரம்பத்திலிருந்து எல்லாம் சொன்னேன். பொடி, வாய்க்கால், கிட்னி, ஊசி. டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க" என்றார் கடைசியில். "ஆனா வீடியோல நீங்க அவ்ளோ சந்தோஷமா சிரிச்சீங்களே."

மனைவியிடம் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்றேன். அவள் சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். காத்திருக்கிறேன் என்றேன். அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தமும், அவர் யாரையோ கூப்பிடுவதும் கேட்டது. அந்தப் பெண் வந்து போனை வாங்கும்வரை நான் வைக்கவில்லை.